வலது பக்கத்து மட்டை

எங்கள் ஆஸ்பத்திரியின் துணி அறை தரைக்குக் கீழே இருக்கிறது. தலைக்கு மேலே வெந்நீர்க் குழாய்கள் ஓடுவதால் மழைக்காலத்தில்கூட அங்கே வியர்க்கும். நான் துணி மடிக்கும் வேலைக்குச் சேர்வதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அந்த அறையில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தவர் பொத்தான் அக்கா. நோயாளிகளின் அங்கிக்கு முதுகுப்புற நாடா, தலையணை உறைக்கு ஒட்டு, நர்ஸ்களின் சட்டைக்குப் பொத்தான் எல்லாம் அவர் கை வழியாகத்தான் போகும். யாராவது அவசரமாகப் படியிறங்கி வந்து “அக்கா, ஒரு பொத்தான்” என்றால் சட்டையைக் கழற்றச் சொல்லமாட்டார். ஆளை நிறுத்தி வைத்தே தைத்துவிடுவார். பெரிய டாக்டர்கூட ஊசிக்குப் பயந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

அக்காவுக்கு வாய் ஓயாது. மெஷின் ஓடும்போது பேச்சு கொஞ்சம் உரக்கும், நின்றால் தணியும், அவ்வளவுதான். அவர் கணவர் லிஃப்ட் மெக்கானிக். நேரெதிர் ஆள். “அவர் வாயும் லிஃப்ட் கதவு மாதிரிதான். திறந்த உடனே மூடிக்கும். நடுவுல கால வெச்சாத்தான் உண்டு” என்று அக்கா சொல்லிச் சிரிப்பார்.

அந்த மனிதருக்கு ஒரே ஒரு பைத்தியம் இருந்தது. பின்பால். சரிவான மேஜை, மேலே கண்ணாடி, உள்ளே ஓர் இரும்புக் குண்டு. ஸ்பிரிங்கை இழுத்து விட்டால் குண்டு உச்சிக்குப் போய், விளக்குக் குமிழ்களில் மோதி மோதிக் கீழே இறங்கும். அடியில் இடமும் வலமுமாக இரண்டு குட்டி மட்டைகள். பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் பொத்தானை அமுக்கினால் மட்டை துள்ளி, குண்டைத் திரும்ப மேலே அடிக்கும். நடுச்சந்தில் விழுந்துவிட்டால் போச்சு. அவருடைய இளவயதில் விளையாட்டுக் கூடங்களில் நின்ற அந்த மெஷின்களெல்லாம் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டன. ஆனால் யாரோ அவற்றை ஒன்றுவிடாமல் பார்த்து, கையில் பிடித்து ஆடும் கேம் கருவிக்குள் அப்படியே கொண்டுவந்திருந்தார்கள். அதே படம், அதே மணிச்சத்தம், கண்ணாடியில் விழும் அதே விளக்கு வெளிச்சம். மெக்கானிக் வேலைவிட்டு வந்தால் கிரீஸ் போகக் கைகழுவி, சாப்பிட்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதோடு உட்கார்ந்துவிடுவார்.

“பொத்தான் தைக்கிறது என் பொழப்பு, பொத்தான் அமுக்கிறது அவர் பொழப்பு” என்பார் அக்கா. சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் இன்னொரு நாள், துணி மடித்துக்கொண்டிருந்தபோது, தானாகவே சொன்னார்: “கல்யாணம் ஆனதிலிருந்து அவர் முதுகுகிட்டதான் பேசிக்கிட்டிருக்கேன். முதுகும் நல்லாத்தான் கேக்குது.”

ஒரு திங்கட்கிழமை காலை, உயரமான ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில், லிஃப்ட் மோட்டார் அறையில் மெக்கானிக் சரிந்து விழுந்தார். காவலாளிதான் பார்த்திருக்கிறார். எங்கள் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தார்கள். பக்கவாதம். வலது கை, வலது கால் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. முழுக்கப் போகவில்லை, ஒரே ஒரு வார்த்தை மட்டும் தங்கியது: “மேல.”

தண்ணீர் வேணுமா என்றால் “மேல.” வலிக்கிறதா என்றால் “மேல.” மூளையில் பேசும் இடம் அடிபட்டால் சிலருக்கு இப்படி ஏதோ ஒரு சொல் மட்டும் மிஞ்சுமாம், டாக்டர் விளக்கினார். கண்ணை மூடினாலும் திறந்தாலும் மாடி ஏறி இறங்கிய மனிதருக்கு இந்தச் சொல் மிஞ்சியது. கட்டிலில் அவர் போட்டிருந்த அங்கியின் நாடா அக்கா தைத்தது. அவிழ்ந்து தொங்கிய அந்த நாடாவை மறுபடி மறுபடி முடிச்சுப் போட்டுக்கொண்டு அக்கா பேசாமல் நின்றதை நான் பார்த்தேன். அவர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு அனுப்பும் முன் பிசியோ பெண் அக்காவிடம் கேட்டாள். “இவருக்கு எதுல ஆசை? பாட்டு, தோட்டம், சீட்டு? பிடிச்ச வேலை கொடுத்தா கை சீக்கிரம் வழிக்கு வரும்.”

இவ்வளவு வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்துவிட்டு, ஒரே ஒரு பதில்தான் தன்னிடம் இருந்தது என்று பிற்பாடு அக்கா என்னிடம் வருத்தப்பட்டார். “ஒரு கேம் டப்பா இருக்கும்மா” என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

வீட்டில் டப்பாவை எடுத்துக் கையில் கொடுத்தார். மெக்கானிக் இடது கையால் பிடித்தார். டப்பாவின் வலது பக்கம் சரிந்தது. அது விழாமல் இருக்க அக்கா அவர் வலப்பக்கம் ஒட்டி உட்கார்ந்து ஓரத்தைத் தாங்கிக்கொண்டார். திரையில் கடலடிப் படம் வரைந்த பின்பால் மேஜை: முக்குளிப்பவன், முத்துச்சிப்பிகள், மூலையில் ஓர் ஆக்டோபஸ். குண்டு புறப்பட்டது. இடது மட்டைக்கு வந்ததை மெக்கானிக் அடித்தார். வலது பக்கம் உருண்டபோது அவர் கை எழவில்லை. தலையைத் திருப்பி அக்காவைப் பார்த்தார்.

“மேல.”

“என்னது?”

“மேல. மேல.”

அக்காவுக்குப் புரிந்து பொத்தானை அமுக்குவதற்குள் குண்டு போய்விட்டது. மெக்கானிக் சிரித்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தாலும் அது சிரிப்புதான். அக்காவும் சிரித்துவிட்டார்.

அன்று தொடங்கியது. அக்கா வேலையை அரை நாளாக மாற்றிக்கொண்டார். மதியம் மணி அடித்ததும் கத்தரிக்கோலை மெஷின் மேல் போட்டுவிட்டுப் பறப்பார். இடது மட்டை மெக்கானிக்குக்கு, வலது மட்டை அக்காவுக்கு. ஆரம்பத்தில் இருவரும் மாறி மாறிக் குண்டைத் தொலைத்தார்கள். பிறகு அந்த ஒற்றைச் சொல்லுக்குள்ளேயே எத்தனையோ சொற்கள் இருப்பது அக்காவுக்குப் பிடிபட்டது. இழுத்துச் சொன்னால், பொறு. வெட்டிச் சொன்னால், இப்போ அடி. மெதுவாகச் சொன்னால், பரவாயில்லை, இன்னொரு குண்டு இருக்கு. எந்நேரமும் பேசிக்கொண்டிருந்த அக்கா வாயை மூடிக்கொண்டு அவர் குரலுக்காகக் காத்திருக்கப் பழகினார். மெக்கானிக்கோ சந்தோஷம் வந்தாலும் கோபம் வந்தாலும் அக்கா பக்கம்தான் திரும்பவேண்டியிருந்தது.

துணி அறையில் எங்களுக்குக் காது புளித்துவிட்டது. அக்கா நூல்கண்டை உருட்டிவிட்டு, இரண்டு ஸ்கேலை மட்டையாக வைத்து, எந்த ஓரத்தில் பட்டால் எங்கே போகும் என்று காட்டுவார். ஒருநாள் வார்டு சிஸ்டரிடம், “நேத்து ஆக்டோபஸைத் திறந்துட்டோம் சிஸ்டர், உள்ளேருந்து மூணு குண்டு வந்துச்சு” என்றார். சிஸ்டர் எந்த வார்டு நோயாளி என்று கவலையாகக் கேட்டார்.

அக்கா அந்த நாட்களில் அழகாக இருந்தார். தூக்கம் கிடையாது, கணவரைத் தூக்கி உட்காரவைத்து இடுப்பு பிடித்துக்கொள்ளும், கஞ்சியை ஸ்பூனால் ஊட்டவேண்டும். ஆனாலும் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. “அவர் தோள்மேல சாஞ்சுக்கிட்டுத்தான் ஆடுவேன்” என்று என் காதோடு சொன்னார். “புதுசாக் கல்யாணம் ஆனப்பகூட அப்படி உக்காந்ததில்ல.”

பிசியோ பெண் சொன்னது பொய்க்கவில்லை. மாதங்கள் ஓட, கால் ஊன்றியது. பேச்சுப் பயிற்சியில் “தண்ணி” வந்தது, “போதும்” வந்தது, மகளின் பெயர் வந்தது. வெளியூரில் இருக்கும் மகள் போனில் அதைக் கேட்டு அழுதாள். கடைசியாக விரல்கள் அசைந்தன. அக்கா எங்கள் எல்லோருக்கும் இனிப்பு வாங்கிவந்து கொடுத்தார்.

அந்த வாரத்தில் ஒரு மாலை, வழக்கம்போல இருவரும் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். மெக்கானிக் தோளை லேசாக அசைத்தார். பிறகு வார்த்தைகளை ஒவ்வொன்றாகக் கோத்து, தெளிவாகச் சொன்னார்.

“கொஞ்சம் தள்ளி உக்காரு. தோள் வலிக்குது.”

அத்தனை மாதங்களும் அந்தப் பக்கம் மரத்துக் கிடந்தது. அக்கா சாய்ந்திருந்தது அவருக்குத் தெரியவே இல்லை. இப்போது உணர்வு வந்துவிட்டது, பாரம் தெரிந்தது. அக்கா தள்ளி உட்கார்ந்தார். மெக்கானிக் தன் வலது கையை எடுத்து, நடுங்கிய விரலைப் பொத்தான் மேல் வைத்துப் பார்த்தார். மட்டை துள்ளியது. குண்டு மேலே போனது. அவர் கண் கலங்கிவிட்டது.

“பாத்தியா?”

“பாத்தேங்க” என்றார் அக்கா.

அதற்குப் பிறகு அக்காவின் விரலுக்கு வேலை இல்லை. சில நாட்கள் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். பிறகு மெக்கானிக் ஹெட்போனைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். “உனக்கு ஏன் தொந்தரவு, நீ போய் படு” என்றார். அக்கறையாகத்தான் சொன்னார். கம்பெனியில் அவரை மாடி ஏறவேண்டாம் என்று சொல்லி, லிஃப்ட் பழுது என்று வரும் போன்களை எடுத்துப் பேசும் மேஜையில் உட்கார வைத்தார்கள். பகலெல்லாம் ஊரோடு பேசிவிட்டு வருபவருக்கு வீட்டில் பேச வார்த்தை மிச்சமிருக்கவில்லை.

மகள் விடுமுறைக்கு வந்துபோனாள். கிளம்பும்போது அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, “அப்பா பழையபடி ஆயிட்டாரும்மா” என்றாள்.

“ஆமாம்மா. பழையபடியே ஆயிட்டார்.”

இதையெல்லாம் எனக்கு அக்கா சொன்னது ஒரு மதியம். முழு நாள் வேலைக்குத் திரும்பியிருந்தார். ஒரு கட்டு அங்கிகளுக்கு நாடாவை உள்பக்கமாகத் தைத்துவைத்திருந்ததை நான் பார்த்து, “அக்கா, இது திருப்பித் தைச்சிருக்கே” என்றேன். அவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு முகத்தை அந்த அங்கியில் புதைத்துக்கொண்டார். குழாய்ச் சத்தத்தில் அழுகை வெளியே கேட்கவில்லை.

“அவர் நல்லாயிட்டார்னு எனக்கு அழுகையா வருது” என்றார். “நான் என்ன மாதிரி பொம்பளை? வேற யாராவது இதைச் சொல்லியிருந்தா செருப்பால அடிச்சிருப்பேன்.”

நான் நாடாவைப் பிரிக்கத் தொடங்கினேன். அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுமுனையிலிருந்து பிரித்தார்.

“நீங்க அவர்கிட்ட கேட்டுப் பாக்கலாம்ல? சேர்ந்து ஆடலாம்னு.”

“கேட்டேனே.”

கேட்டிருக்கிறார். மெக்கானிக் மறுக்கவில்லை. கருவியில் இருவர் ஆடும் முறை இருக்கிறதாம், அதைப் போட்டுக் கொடுத்தார். ஒரு குண்டு அவர், ஒரு குண்டு அக்கா. தன் முறையை முடித்து டப்பாவை நீட்டிவிட்டு எழுந்துபோய்ச் செருப்பைத் துடைத்துவைப்பார். அக்காவின் இடது விரலுக்குப் பழக்கமே இல்லை. இடப்பக்கம் வந்த குண்டெல்லாம் விழுந்தது. “பரவாயில்ல, பழகிடும்” என்று மெக்கானிக் திரும்ப வாங்கிக்கொண்டார்.

பிறகு ஒருநாள் சாப்பிடும்போது அக்கா மனசைத் திறந்து கேட்டேவிட்டார். “நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஆடினோமே, அதெல்லாம் உங்களுக்கு ஞாபகம் இருக்கா?”

மெக்கானிக் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

“அதை ஏன் இப்போ எடுக்கிற? அது நரகம். ஒரு வார்த்தை வராம, ஒண்ணுக்குப் போறதுக்குக்கூட உன்னைப் பாத்துக்கிட்டு. தினமும் செத்துடலாம்னு நினைச்சேன்.”

“நாம சிரிச்சோமேங்க.”

“நான் சிரிச்சேனா?” அவர் யோசித்துப் பார்த்தார். நிஜமாகவே யோசித்தாராம். “எனக்கு ஞாபகம் இல்ல. நீ எவ்வளவு கஷ்டப்பட்டேன்னுதான் தெரியும். அதுக்கு நான் என்ன செஞ்சாலும் தீராது. மறந்துடு, என்ன? நாம ரெண்டு பேரும் அதை மறந்துடுவோம்.”

மெக்கானிக் தன் கையை, அந்த வலது கையை, அக்கா கை மேல் ஒரு நிமிஷம் வைத்திருந்தார். சாப்பாடு ஆறிப்போனது.

“கெட்ட மனுஷனா இருந்தா திட்டிட்டுப் போயிடலாம்” என்றார் அக்கா என்னிடம். “இவரை என்னன்னு திட்டுறது? நான் ஆயுசுல சந்தோஷமா இருந்த நாள் எல்லாம் அவருக்குச் சாகத் தோணின நாள். இதை யார்கிட்ட போய்ச் சொல்றது.”

அதன் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஸ்கேலையும் நூல்கண்டையும் வைத்துக் காட்டுவதும் நின்றது. இடையில் மகள் வீட்டுக்குப் போய்ச் சில வாரங்கள் இருந்துவிட்டு வந்தார். போனவர் அங்கேயே இருந்துவிடுவார் என்றுகூட நான் நினைத்தேன். வந்துவிட்டார். “அவருக்கு மாத்திரை வேளைக்கு எடுத்துக் கொடுக்கணும், மறந்துடுவார்” என்றார்.

போன மாதம் அக்கா என்னை வீட்டுக்கு அழைத்தார். கூடம் சின்னதாக, சுத்தமாக இருந்தது. மெக்கானிக் ஜன்னலோர நாற்காலியில் விளையாடிக்கொண்டிருந்தவர், என்னைப் பார்த்ததும் ஹெட்போனைக் கழற்றினார். “வாம்மா, உக்காரு” என்று எழுந்து, வலது கையாலேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். எனக்குத் தெரியட்டும் என்றுதான் அந்தக் கையால் இழுத்தார். கை நன்றாக வந்துவிட்டதே என்று நான் சொன்னேன்.

“எல்லாம் இவளாலதான்” என்றார். “இவ இல்லேன்னா நான் இல்ல.”

சமையலறை வாசலில் டம்ளரைத் துடைத்துக்கொண்டு நின்ற அக்கா அதைக் கேட்டார். தலையை ஆட்டினார். உள்ளே போய்ப் பால் வைத்தார். நாங்கள் டீ குடித்தோம், என் அம்மாவின் மூட்டுவலியைப் பற்றி மெக்கானிக் விசாரித்தார், பிறகு மெதுவாக ஹெட்போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் கிளம்பினேன்.

அக்கா தெருமுனை வரை வந்தார். பஸ் வரும் வரை ஏதேதோ பேசினார். ஆபரேஷன் தியேட்டருக்குப் புதுத் துணி வரப்போகிறதாம், அதில் ஊசி இறங்காதாம். பஸ் வந்து நின்றபோது என் பையைப் பிடித்துக்கொண்டார்.

“அடுத்த ஞாயித்துக்கிழமையும் வர்றியா? ஒண்ணும் கொண்டுவர வேணாம். யாராவது வந்தா அவர் நல்லாப் பேசுறார்.”

வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஏறினேன்.