ஒரே முட்டை, பல கோணம்

முட்டையைப் படமெடுத்தே உடம்பைத் தேற்றப் பார்த்த மடையன் நான். இலங்கையில் யட்டியாந்தோட்டைப் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறேன். மனைவி குவைத்தில் வீட்டுவேலை செய்கிறாள். எனக்கு இரத்தம் குறைவு என்று, கீரை, பருப்பு, முட்டை வைத்த தட்டைத் தினமும் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருந்தாள்.

தோட்ட லயத்தின் ஒற்றையறைக் காம்பராவில் தனியாளுக்கு எதற்குச் சமையல்? ஒருநாள் சமைத்ததையே பல பக்கமும் படமெடுத்து, நாளுக்கொன்றாக அனுப்பினேன். வயிற்றுக்குப் போனது ரொட்டியும் பிளேன்டீயும்தான்.

ஒரு காலை, நிறுக்கக் கொண்டுபோன பால் வாளியோடு மயங்கி விழுந்தேன். தூக்கிவிட்ட, பக்கத்து மரநிரையில் பால் வெட்டுபவன் சொன்னான்: “அண்ணே, பாலெல்லாம் ஒங்க மேலதான் இருக்கு. இன்னைக்கு ஒங்களத்தான் நிறுக்கணும்!”

இப்போது தினமும் சமைக்கிறேன். அவள் படத்தை எதிரே வைத்துக்கொண்டு சாப்பிடுகிறேன். நடந்ததைச் சொல்லி, நேற்று நிஜமான தட்டைப் படமெடுத்து அனுப்பினேன். பதில் வந்தது:

“தின்னு முடிச்ச தட்ட அனுப்புங்க.”