என் முழுக் குடம்

"மெஷின்ல ஆரம்பிக்கலாமாக்கா, இல்ல டம்பெல்லா?" என்று கேட்டார் இரும்புலியூர் ஜிம்மின் டிரெய்னர். எலும்பு தேயாமலிருக்க எடை தூக்கச் சொல்லி டாக்டர் அனுப்பியிருந்தார். மெஷின் எடையைத் தானே நேராகப் பிடித்துக்கொள்ளுமாம். டம்பெல்லை நாம்தான் ஆடாமல் பிடிக்க வேண்டுமாம். ஒரு டம்பெல்லை எடுத்துப் பார்த்தேன். உள்ளங்கையில் ஏறிய இரும்பு வாசனை, பொழிச்சலூர் அடிபம்பின் வாசனை.

நான் வளர்ந்த அந்த ஊரில் எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. குடிப்பதற்கு இரண்டு தெரு தள்ளியிருந்த அந்தப் பம்பில்தான் அடித்து வர வேண்டும். பத்து வயதில் எனக்கும் முழுக் குடம் வேண்டுமென்று அடம்பிடித்தேன். அம்மா மறுக்காமல் நிரப்பி என் இடுப்பில் வைத்தாள். அன்றிலிருந்து தன் குடத்தை இடது இடுப்பில் ஏற்றிக்கொண்டு, என் குடம் இருந்த பக்கமாக என்னை ஒட்டியே நடந்து வருவாள். வீடு சேரும்போது அவள் ரவிக்கையின் வலது கை தினமும் சொட்டச் சொட்ட நனைந்திருக்கும்.

"அம்மாவுக்குத் தூக்கவே தெரியலப்பா. நான் பாரு, முழுக் குடம், நானே தூக்கிட்டு வந்தேன்!" என்பேன் அப்பாவிடம்.

"ஆமாங்க, அவளேதான் தூக்கினா" என்பாள் அம்மா.

மெஷின் வேண்டாமென்று டம்பெல்லோடு உட்கார்ந்தேன். எட்டாவது முறை தலைக்கு மேல் தூக்கும்போது கை பாதியிலேயே நின்றது. டிரெய்னர் என் முழங்கைக்கு அடியில் இரண்டு விரலைக் கொடுத்தார். எடை லேசாகி மேலே போனது.

"நீங்களேதான்க்கா தூக்குறீங்க" என்றார்.

அம்மாவின் குடம் இருந்தது இடது இடுப்பில். நனைந்ததோ வலது கை. அத்தனை நாளும் அந்தக் கை என் குடத்துக்கு அடியில் இருந்திருக்கிறது.