நான் குத்தாத பனைமட்டை

முனீஸ் காரோடு கவிழ்ந்ததற்குக் காரணம் நான். அவனுடைய அவசரம் அல்ல, அவனுடைய கண்ணும் அல்ல... நான்தான்! ஏறக்குறைய இருபது வருடமாக இதை ஒருவரிடமும் சொன்னதில்லை. போன மாதம், சொல்வதற்கான நேரம் தானாகவே வந்து என் முன்னால் நின்றது. அப்போதும் சொல்லவில்லை. இன்னொரு பொய்யைத்தான் சொன்னேன்.

உங்களிடம் சொல்கிறேன். உங்களுக்கு என்னைத் தெரியாது, அதுதான் வசதி. பாருங்கள், ஒப்புக்கொள்வதில்கூட எனக்கு ஒரு வசதி தேவைப்படுகிறது!

சாயல்குடிக்குத் தெற்கே, கைவிட்ட உப்பளங்களை ஒட்டி ஒரு பொட்டல் உண்டு. கோடையில் நாங்கள் கார் ஓட்டிய இடம் அது. ஆட்டோகிராஸ் என்று பெயர் மட்டும் பெரிது. மணல் அடைத்த சாக்குகளை வைத்து, வளைவும் நெளிவுமாக ஒரு பாதை போடுவோம். ஒருவர் ஓட்டி முடித்த பிறகே அடுத்தவர். யார் குறைந்த நேரத்தில் சுற்றி வருகிறாரோ அவருக்கு வெற்றி. சாக்கை இடித்தால் நேரத்தைக் கூட்டிவிடுவோம். ஜெயித்தவனுக்கு மற்றவர்கள் பரோட்டா வாங்கித் தர வேண்டும், அவ்வளவுதான் பரிசு.

ஆனால் அந்தத் தரையை நம்ப முடியாது. மேலே உப்புப் பொருக்கு காய்ந்து வெள்ளையாகக் கிடக்கும். அடியில் சில இடங்களில் சேறு அப்படியே இருக்கும். பார்வைக்குத் தெரியாது, காலுக்குத்தான் தெரியும். அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவன் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதை முழுவதும் குதிங்காலால் மிதித்துப் பார்த்தபடி நடப்பான். எங்கே ஈரம் தட்டுகிறதோ அங்கே ஒரு பனைமட்டையைக் குத்தி வைப்பான். மட்டை நின்றால் விலகிப் போ, இல்லையென்றால் பயப்படாமல் மிதி. நடந்தவன்தான் முதலில் காரை எடுக்க வேண்டும். அதுதான் மற்றவர்களுக்கு அவன் தரும் உத்தரவாதம்.

கார் ஒன்றே ஒன்று. அது என்னுடையது. வெளிநாட்டில் சம்பாதித்துத் திரும்பிய வாப்பா எனக்கு வாங்கித் தந்த பழைய கார். அந்தக் காரில், என் சொந்தக் காரில், முனீஸ் என்னை ஒவ்வொரு முறையும் தோற்கடித்தான்! வீட்டில் சைக்கிளைத் தவிர வேறு வண்டி இல்லாதவன் அவன். ஸ்டியரிங்கில் கை வைத்தால் போதும், அந்தக் கார் அவன் சொன்ன பேச்சைக் கேட்கும். கைதட்டலெல்லாம் அவனுக்கு. பெட்ரோல் போட்டவன் நான்! ஓரமாக நின்று சிரித்துக்கொண்டே வயிறெரிந்தேன்.

அன்றைக்கு நடக்கும் முறை என்னுடையது. கடைசிக்கு முந்தைய வளைவில், உட்புறமாக, என் குதிங்கால் சில்லென்று உள்ளே இறங்கியது. கையில் மட்டை இருந்தது. குனிந்தேன்... குத்தவில்லை. நிமிர்ந்து நடந்துவிட்டேன்.

என்ன நினைத்தேன் அப்போது? சத்தியமாகச் சொல்கிறேன், அவன் கவிழ வேண்டும் என்று நினைக்கவில்லை. சக்கரம் சேற்றில் சிக்கட்டும், நேரம் போகட்டும், ஒரே ஒரு முறை அவன் தோற்கட்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் இப்படிச் சொல்வதால் என்ன குறைந்துவிடப் போகிறது?

வழக்கப்படி முதலில் நான் ஓட்டினேன். அந்த வளைவில் மட்டும் வெளிப்புறமாக அகலமாகச் சுற்றி வந்தேன். பயந்தாங்கொள்ளி என்று எல்லோரும் கூச்சல் போட்டார்கள். அடுத்து முனீஸ். உட்புறமாக ஒட்டித்தான் அவன் திரும்புவான், எனக்குத் தெரியும். முன்சக்கரம் பொருக்கை உடைத்து இறங்கியது. பின்பக்கம் தூக்கிக்கொண்டு கார் அப்படியே புரண்டது.

எல்லோரும் ஓடினார்கள். நானும் ஓடினேன். ஓடும்போது, மிச்சமாகக் கீழே கிடந்த ஒரு மட்டையைக் கையில் எடுத்துக்கொண்டேன். புழுதி அடங்குவதற்குள், ஒருவரும் என்னைக் கவனிக்காத நேரத்தில், அதைச் சேற்றில் ஓங்கிக் குத்தினேன். மட்டையின் ஓரத்தில் ரம்பப் பல்லாக நிற்கும் கருக்கு என் உள்ளங்கையைக் கிழித்தது. பிறகுதான்... கேளுங்கள், பிறகுதான் நண்பனை வெளியே இழுக்கப் போனேன்!

அவனுடைய இடது முழங்கை நொறுங்கியிருந்தது. வலியில் அலறிக்கொண்டிருந்தவனிடம், "மட்டை குத்தியிருந்தேனேடா, பாக்கலையா?" என்று கேட்டேன். அந்த ஒரு கேள்வியைத்தான் இருபது வருடமாக அவன் சுமக்கிறான்.

என் கையில் ரத்தத்தைப் பார்த்தவர்கள், அவனை இழுக்கும்போது கிழிந்தது என்று நினைத்துக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. ஊரில் எனக்குப் பாராட்டு! ஒரு வாரம் கழித்து முனீஸின் அய்யா எங்கள் வீட்டுக்கு வந்தார். "எம்மவன் கண்ணு மண்ணு தெரியாம ஓட்டி ஒங்க காரக் கெடுத்துப்புட்டான், மன்னிச்சிருங்க" என்று என் வாப்பாவிடம் கைகூப்பி நின்றார். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வெளியே வர எனக்குக் கால் வரவில்லை.

துபாய்க்குப் போனேன். வேலை, கல்யாணம், பிள்ளைகள். மக்காவுக்கு உம்ரா போய், அழுது அழுது தவ்பா செய்தேன், அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத் தன் பயானில், பிரசங்கத்தில், அடிக்கடி சொல்வார், மனிதனுக்குச் செய்த அநியாயத்தை அந்த மனிதனே பொறுத்தால்தான் உண்டு என்று. அந்த மனிதன் சாயல்குடியில் இருந்தான். நான் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

இந்த வருடம் ஊரோடு வந்துவிட்டேன். வந்த இரண்டாம் வாரமே ராஜாங்கம் கூப்பிட்டான். எங்கள் பழைய கூட்டத்தில் அவன்தான் எதையும் ஏற்பாடு செய்கிறவன்.

"ஏலே ஜமாலு, ஊரோட வந்துட்டியாம்ல? ஞாயித்துக்கெழம பொட்டலுக்கு வந்துரு. பழைய செட்டு பூராம் வாரோம். முனீசும் வாரான்."

போகாமல் இருந்திருக்கலாம். போனேன். ஏன் போனேன்? அவனிடம் சொல்லிவிடத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் காலையில் கிளம்பும்போது ஹெல்மெட்டைத் துடைத்து எடுத்து வைத்ததும் நான்தானே!

சாக்குகளுக்குப் பதிலாக இப்போது ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் கூம்புகள். நேரம் பார்க்க செல்போன். தொப்பை வைத்த பழைய ஆட்களோடு நாலைந்து இளவட்டங்களும் இருந்தார்கள். மாறாதது ஒன்றே ஒன்று. கட்டுக் கட்டாகப் பனைமட்டை! நீட்ட முடியாத இடது கையில் அவற்றை இடுக்கிக்கொண்டு, வெறுங்காலோடு முனீஸ் நடந்துகொண்டிருந்தான்.

ராஜாங்கம் என் காதோரம் சொன்னான். அன்றைக்குப் பிறகு முனீஸ் ஒரு வண்டியையும் தொடவில்லையாம். மனைவிக்குப் பிரசவ வலி எடுத்தபோது வாசலிலேயே பக்கத்து வீட்டுக்காரர் கார் நின்றிருக்கிறது. சாவி கையில் இருந்தும் எடுக்காமல், ஆட்டோ வரும்வரை அழுதுகொண்டே தெருவில் நின்றானாம். இங்கே மட்டும் தவறாமல் வருவானாம், நடப்பதற்காக. நடந்தவன்தான் முதலில் ஓட்ட வேண்டும் என்ற வழக்கத்தை அவனுக்காக மட்டும் விட்டுவிட்டார்களாம். காய்ந்து கல்லாகக் கிடக்கிற இடத்திலும் மட்டை குத்துவானாம்.

"பொட்டலையே பனங்காடா ஆக்கிட்டீகளேண்ணே!" என்று ஒரு இளவட்டம் கிண்டல் செய்தான். முனீஸ் கோபப்படவில்லை. என்னைப் பார்த்ததும் மட்டைகளைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்து கட்டிக்கொண்டான். "மாப்ள... வந்துட்டியாடா!" என்றான். வளைந்த அந்த முழங்கை என் முதுகில் அழுந்தியது.

அவனுடைய மகள் அபியும் வந்திருந்தாள். பிரசவ வலி என்றேனே, அப்போது பிறந்தவள் இவள்தான். கல்லூரியில் படிக்கிறாள். ராஜாங்கத்தின் கார் சாவியைக் கையில் வாங்கிக்கொண்டு அவள் நேராக என்னிடம் வந்தாள்.

"நீங்களாச்சும் சொல்லுங்க மாமா. லைசென்ஸ்கூட எடுத்துட்டேன், அப்பா வண்டியத் தொடவே விட மாட்டேங்குறாரு. ஒரே ஒரு சுத்து..."

"வேணாம் தாயி," என்றான் முனீஸ். "மாப்ள, நீயே இவகிட்டச் சொல்லு. அன்னைக்கு மட்ட அங்கன நின்னுச்சுல்ல? கண்ணுக்கு நேரா நின்னத எங்கண்ணு பாக்கலயே! எங்கண்ணுதானடா இவளுக்கும் இருக்கும்?"

அவன் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

அபி என் முகத்தையே பார்த்தாள். "அன்னைக்கு ஓட்டுனது ஒண்ணொண்ணும் அப்பாவுக்கு ஞாபகம் இருக்கு மாமா. மட்ட மட்டும் ஞாபகத்துல இல்லேங்குறாரு. நெசமாவே இருந்துச்சா?"

ஐயோ! அவன் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. அவனுடைய நினைவு இத்தனை வருடமும் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அதைத் தள்ளிவிட்டு, என் வார்த்தையை நம்பியிருக்கிறான்!

இல்லை என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அவனுக்கு அவன் கண் திரும்பக் கிடைத்திருக்கும். அந்தப் பெண் வண்டியை எடுத்திருப்பாள். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராஜாங்கம், இளவட்டங்கள், எல்லோரும்... என் மரியாதை, என் வயசு, நாளைக்கு ஜமாஅத்தில் என்ன பேசுவார்கள்... இவ்வளவும் ஒரே நொடியில் எனக்குத் தோன்றின.

"இருந்துச்சும்மா," என்றேன்.

முனீஸ் என் வலது கையைப் பிடித்து விரித்துக் காட்டினான். "பாரு தாயி, என்னைய வெளிய இழுக்கயில கிழிஞ்சது. இந்தத் தழும்பு இல்லேன்னா ஒங்கப்பன் இல்ல." அவள் கையில் வைத்திருந்த சாவியை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போய்த் தள்ளி உட்கார்ந்தாள்.

நான் ஓட்டினேன். அவன் குத்திய மட்டைகளை நம்பி, அழுத்தி மிதித்தேன். அன்றைக்கு ஜெயித்தது நான்தான்! முனீஸ் எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினான். பரோட்டாக் கடையில் பக்கத்தில் உட்கார்ந்து என் இலையில் சால்னாவை ஊற்றினான். "அடுத்தவாட்டி நீ நட மாப்ள. ஒங்கால நம்பித்தான் அபிய ஒரு சுத்து விடலாமான்னு பாக்குறேன்," என்றான். சரிடா என்று தலையாட்டினேன்.

வருகிற ஞாயிறு நான் செருப்பைக் கழற்ற வேண்டும். இந்தக் காலை நம்பி அவன் தன் மகளை அனுப்பப் போகிறான். அதற்கு முன்னால் சொல்லிவிடுவேனா? உங்களிடம் சொன்னதை அவனிடம் சொல்ல எனக்கு வாய் வருமா? தெரியவில்லை... என்னை நான் நம்பவில்லை. நீங்களும் நம்ப வேண்டாம்.

நேற்று முனீஸ் போன் செய்தான். எனக்காக மட்டைகளை வெட்டி வைத்துவிட்டானாம். மறுபடியும் என் கை கிழிந்துவிடக் கூடாது என்று, உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் கருக்கைச் சீவி எடுத்திருக்கிறானாம்.