ஊதாத சங்கின் ஊர்

ஆலைச் சங்கை ஊத வேண்டாம் என்று சொன்னவன் நான். கிருஷ்ணகிரிக்கும் போச்சம்பள்ளிக்கும் நடுவே இருக்கும் ஒரு மாங்கூழ் ஆலையில் அப்போது பாதுகாப்பு அதிகாரியாக இருந்தேன். குளிர்கிடங்குக்குப் போகும் அம்மோனியா குழாயில் ஒரு காலையில் வால்வு விட்டுப்போனது. மாம்பழப் பருவம். உள்ளே கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. வெளியே பழ வண்டிகள் வரிசையில் நின்றன. சங்கு ஊதினால் ஆட்கள் ஓடிவிடுவார்கள், கூழ் கெட்டுவிடும், மேலே பதில் சொல்ல வேண்டும். அதற்குள் வால்வை அடைத்துவிடலாம் என்று நினைத்தேன். அடைத்தும் விட்டோம். ஆலைக்குள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வாயு மதிலைத் தாண்டி, கிழக்கே இருந்த காலனிக்குப் போய்விட்டது. அங்கே ரத்தினம்மா என்ற பெண்ணுக்கு வலது கண் பார்வை போயிற்று. கேட்டவர்களிடம், அந்த நேரத்தில் சங்கு பழுதாகியிருந்தது என்று சொன்னேன். ஓய்வு பெறும்வரை அதையே சொல்லிவந்தேன்.

அந்தக் காலனிக்குத்தான் இந்த ஆடி மாதத் தொடக்கத்தில் போய்வந்தேன். ஆலையின் பெயரையும் ஊரின் பெயரையும் எழுதப்போவதில்லை.

காலை ஏழேகாலுக்கு ஓசூர் பேருந்து நிலையத்தில் சேலம் பேருந்து கிடைத்தது. கிருஷ்ணகிரிக்கு ஐம்பது ரூபாய், ஏறக்குறைய அதே அளவு கிலோமீட்டர். இரவு வேலை முடிந்து வீடு திரும்பும் பெண்கள், கழுத்தில் அடையாள அட்டையோடு, சூளகிரி வருவதற்குள் தூங்கிப்போனார்கள். மேலுமலை இறக்கத்தில் கன்டெய்னர் லாரிகள் ஊர்ந்தன. குருபரப்பள்ளி தாண்டியதும் பெங்களூரா மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் சாலையோரம் தென்பட ஆரம்பித்தன. பழுக்கத் தொடங்கிய மாங்காயின் வாசனை சன்னல் வழியாக வந்தது. நான் சன்னலை இழுத்து மூடினேன்.

கிருஷ்ணகிரியில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு போச்சம்பள்ளி பேருந்தில் ஏறி, பதினெட்டு ரூபாய்க்கு, பிரிவுச் சாலையில் இறங்கினேன். மணி பத்து. ஒரே ஒரு ஆட்டோ நின்றது. ஓட்டுநர் பெயர் பாஷா என்று கண்ணாடியில் எழுதியிருந்தது.

"எங்க போவணும் பெரியவரே?"

"ஜூஸ் கம்பெனி காலனி."

"கம்பெனிக்கா, காலனிக்கா? கம்பெனின்னா முப்பது. காலனின்னா இருவது."

"ரெண்டும் பக்கத்துப் பக்கத்துலதானே இருக்கு?"

"கம்பெனிக்குப் போறவங்க பேரம் பேச மாட்டாங்க. அதான்."

போகும் வழியில், கம்பெனியிலிருந்து நெடி வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"கண்ணாடிய ஏத்தி வுடலாம்னா ஆட்டோவுக்குக் கண்ணாடி ஏது? ஆக்சிலேட்டர முறுக்க வேண்டியதுதான்."

"எந்தப் பக்கமா?"

"ரோடு போற பக்கம்."

சாலை நேராக ஏரிக்குப் போனது. ஆடிக் காற்றும் மேற்கிலிருந்து கிளம்பி, ஆலையைக் கடந்து, காலனியைக் கடந்து, அதே ஏரிக்குத்தான் போனது.

ரத்தினம்மாவுக்கு இப்போது ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். வாசலில் உட்கார்ந்து புளி தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. "கம்பெனி சாருதான நீங்க?" என்றார். நான் நின்றபடியே சொன்னேன்: "சங்கு அன்னிக்குப் பழுதில்லம்மா. நான்தான் ஊத வேணாம்னு சொன்னேன்."

அவர் கை நிற்கவில்லை. கட்டைமேல் புளியை வைத்தார், தட்டினார், கொட்டையைத் தள்ளினார். உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த மருமகளிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். அவள் உள்ளே போய்விட்டாள்.

"நான் எங்க ஓடுனேன்னு தெரியுமா உங்களுக்கு?" என்றார்.

"ஏரிக்கு."

"கண்ணு எரியுது. தண்ணி இருக்கற எடத்துக்குத்தான ஓடுவாங்க? காத்தும் எங்கூடவே ஓடி வந்துச்சு."

மன்னிப்புக் கேட்டேன். எதற்கு வந்தீர்கள் என்று மட்டும் கேட்டார். வாயு கசிந்தால் எந்தப் பக்கம் போவது என்று ஊருக்கு ஓர் ஒத்திகை நடத்த வந்திருக்கிறேன் என்றேன். ஊராட்சியில் பேசியிருந்தேன். என் பழைய நாற்காலியில் இப்போது இருக்கும் இளைஞர், ஒரே ஒரு தடவை சங்கை ஊதித் தரச் சம்மதித்திருந்தார். ஒத்திகை உண்டு என்று முந்தின நாளே ஊரில் சொல்லியாயிற்று, நேரத்தைத் தவிர. சங்கு கேட்டதும் எல்லோரும் தெற்கே பள்ளிக்கூட மேட்டுக்கு நடக்க வேண்டும். காற்றுக்குக் குறுக்கே போவது அந்த ஒரு வழிதான்.

மதியம் ஒன்றேகாலுக்குச் சங்கு ஊதியது. நான் பள்ளிக்கூட மேட்டில் காத்திருந்தேன். நாலைந்து பேர் வந்தார்கள். மற்ற வீடுகளில் கதவுகள் திறந்தன, பெண்கள் வெளியே வந்தார்கள், வந்தவர்கள் மேட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. மாட்டுக் கொட்டகைக்குள் போனார்கள். சற்று நேரத்தில் பால் கேன்களோடு ஒருவர் பின் ஒருவராக ஏரி ரோட்டில் இறங்கினார்கள். பால் சொசைட்டி அங்கேதான் இருக்கிறது.

நான் இறங்கி ஓடினேன். இந்த வயதில் ஓட்டம் என்று அதைச் சொல்ல முடியாது.

"எங்கம்மா போறீங்க?"

"பால் ஊத்தத்தான். ரெண்டு மணிச் சங்கு ஊதிட்டானே."

"மணி இன்னும் ரெண்டு ஆவலியே?"

"அதான் நானும் நெனச்சேன். இவன் எதுக்கு இன்னிக்கு இவ்ளோ சீக்கிரமா ஊதறான்னு. ஒத்திகைக்கு வேற சங்கு ஊதுவாங்கன்னு இருந்தோம். மாடு இன்னும் சரியா சொரக்கவே இல்ல."

காலை ஆறு மணிச் சங்குக்கு ஒரு கறவை, மதியம் இரண்டு மணிச் சங்குக்கு ஒரு கறவை. ஷிப்டு மாறுவதற்கு ஆலை ஊதும் சங்கில்தான் அந்த ஊரே பால் கறக்கிறது. ஆபத்துக்கும் அதே சங்குதான் என்று எங்கள் திட்டத்தில் இருந்தது. அந்தத் திட்டத்தில் கையெழுத்துப் போட்டவனும் நான்தான். மதிலுக்கு வெளியே அந்தச் சங்குக்கு என்ன அர்த்தம் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

ரத்தினம்மா சொசைட்டி வாசலில் நின்றிருந்தார்.

"பாத்தீங்களா? அன்னிக்கு நீங்க ஊதியிருந்தாலும் நான் கேனைத் தூக்கினு இதே ரோட்டுலதான் போயிருப்பேன்." கொஞ்சம் பொறுத்து, "அதுக்காக நீங்க ஊதாம வுட்டது சரின்னு ஆயிடாது," என்றார்.

சொசைட்டியின் கூரைமேல் ஒலிபெருக்கி இருந்தது. பால் பணம் வந்தால் அதில்தான் சொல்வார்கள். அதைப் பயன்படுத்தலாமா என்று செயலாளரைக் கேட்டேன். அவர் பதில் சொல்வதற்குள், "மைக்க எங்கிட்ட குடுங்க" என்று ரத்தினம்மா வாங்கிக்கொண்டார். என்ன சொல்ல வேண்டும் என்று நான் ஒரு முறை சொன்னேன். அவர் தம் வார்த்தையில் சொன்னார்:

"நாத்தம் வந்தா ஏரிப் பக்கம் போவாதீங்க. ஈரத்துணிய மூக்குல வச்சினு ஸ்கூல் மேட்டுக்கு வாங்க. மாட்ட அவுத்துனு நிக்காதீங்க. சாமானை எடுத்துனு நிக்காதீங்க. ஏரிப் பக்கம் போன என் கண்ண வந்து பாத்துக்கங்க."

பிறகு அதையே தெலுங்கில் சொன்னார். மருமகள் கன்னடத்தில் சொன்னாள். காலனியின் கடைசி வரிசையில் வடக்கிலிருந்து வந்த தொழிலாளர்கள் தங்கியிருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தியில் சொல்ல ஆள் இல்லை. சவாரிக்காகக் காத்திருந்த பாஷாவைக் கூப்பிட்டோம். "வண்டி ஓட்ட வந்தவன மைக்குல பேச வச்சிட்டீங்களே" என்று முனகிக்கொண்டே அழகாகப் பேசினார்.

நான்கு மணிக்கு மறுபடி செய்து பார்த்தோம், சங்கு இல்லாமல், ஒலிபெருக்கியில் மட்டும். மேடு நிறைந்துவிட்டது. நாகப்பன் என்ற பெரியவர் மட்டும் தன் மாட்டைக் கையில் பிடித்தபடி கடைசியாக வந்து சேர்ந்தார். "மாட்டுக்கும் ஈரத்துணி கட்டிவுடுய்யா" என்று யாரோ சொல்ல, மேடே சிரித்தது. ரத்தினம்மா சிரிக்கவில்லை. நான் கிளம்பும்போது ஒரு பழைய சிவப்புப் புடவைத் துண்டைத் தண்ணீர்த் தொட்டியின் ஏணியில் கட்டச் சொல்லிக்கொண்டிருந்தார், காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ள.

இரவு ஓசூரில், என் அடுக்குமாடியின் படிக்கட்டில் சிவப்பாக ஒரு தீ எச்சரிக்கை மணி இருப்பதைக் கவனித்தேன். எத்தனையோ வருடமாக அதைக் கடந்துதான் வீட்டுக்குப் போகிறேன். அது எப்படி ஒலிக்கும் என்று எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரியவில்லை.

ஆடி முடியும் சமயத்தில் ரத்தினம்மா தொலைபேசியில் கூப்பிட்டார்.

"நேத்து காலையில நாத்தம் வந்துச்சு சார்."

"சங்கு ஊதினாங்களா?"

"ஊதல. புடவை ஏரிப் பக்கம் பறந்துச்சு, நானே மைக்குல சொல்லிட்டேன். எல்லாரும் மேட்டுக்கு வந்துட்டாங்க. நாகப்பன் மட்டும் மாட்ட வுட்டு வர மாட்டேன்னு நின்னாரு. இப்ப இருமினு கெடக்கறாரு, பொழச்சிக்குவாரு."

"கம்பெனியில என்ன சொன்னாங்க?"

"அந்த நேரத்துக்குச் சங்கு ரிப்பேராம்."

பிறகு அவர் சொன்னார்: "உங்கள மாதிரி ஒருத்தரு அங்க இருக்காரு. நீங்க போயிப் பேசுங்க. எங்கிட்ட சொன்னத அவருகிட்டயும் சொல்லுங்க."

மறுநாள் அதே வழியில் போனேன். பாஷாவிடம் கம்பெனி என்றேன். முப்பது ரூபாய், பேரம் பேசவில்லை. அந்த இளைஞர் எனக்குத் தேநீர் வரவழைத்தார். "சின்ன லீக் சார். அஞ்சு நிமிஷத்துல அடைச்சிட்டோம். லைன்ல கூழ் இருந்தது, உங்களுக்குத் தெரியாததா?" என்றார். எனக்குத் தெரியும் என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், பழுது என்று நான் சொன்ன பொய் உட்பட. நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தவர், அந்த அம்மா எங்கே இருக்கிறார் என்று கேட்டார்.

"மதிலுக்கு அந்தப் பக்கம். நடந்தே போகலாம்."

நடந்தே போனோம். ரத்தினம்மா புளி தட்டிக்கொண்டிருந்தார். இளைஞர் அவர் முகத்தைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். "சங்கு ரிப்பேர் இல்லம்மா" என்றார்.

"உக்காருங்க," என்று ரத்தினம்மா அவரிடம் சொன்னார். மருமகள் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவரிடம் கொடுத்தாள்.

நான் நின்றுகொண்டிருந்தேன். இரண்டு மணிச் சங்கு ஊதியது. இளைஞர் திடுக்கிட்டு மதில் பக்கம் திரும்பினார். தெரு முழுக்கப் பெண்கள் மாட்டுக் கொட்டகைகளை நோக்கி நடக்க ஆரம்பித்தார்கள்.