மாப்பிள்ளையும் சுத்தமான கூண்டும்

எங்கள் ஹைதராபாத் ஆய்வகத்தில் ஒரு பிஎச்.டி. பட்டமே ஒரு சுண்டெலியின் இல்லற விருப்பத்தை நம்பி இருந்தது என்றால் நம்புவீர்களா?

வேலை இதுதான். ஒரு ஆண் எலியின் விதையிலிருந்து, விந்தணுவை உண்டாக்கும் ஸ்டெம் செல்களை எடுப்போம். பச்சையாக ஒளிரவைக்கும் ஒரு ஜீனை அவற்றில் நுழைத்து, வேறொரு ஆண் எலியின் விதைக்குள் ஊசியால் செலுத்துவோம். அந்த எலியின் சொந்தச் செல்களை முன்பே மருந்து கொடுத்து அழித்திருப்போம். இனி அதற்குப் பிறப்பவை புது ஜீனோடு பிறக்க வேண்டும். பெயருக்குத்தான் அது அப்பா.

ஆராய்ச்சி மாணவி மீனா தயார் செய்த எலிகளில் மற்றவை மருந்து தாங்காமல் போக, மிஞ்சியது ஒன்று. அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தோம். மீனாவின் பெலோஷிப் முடியப்போகிறது. குட்டி இல்லையென்றால் தீசிஸ் இல்லை. மாப்பிள்ளையோ பெண்ணைக் கண்டதும் மூலையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

பெண்ணை மாற்றினோம், தீனியை மாற்றினோம். எங்கள் பாஸ் விளக்கு எரியும் நேரத்தைக்கூட மாற்றச் சொன்னார். ஜாதகம் ஒன்றுதான் பார்க்கவில்லை. மீனா தினமும் கூண்டைக் கழுவித் துடைத்து, புது உமி பரப்பி உபசரித்தாள். ஹைதராபாத்தின் குஷாய்குடாவில் வளர்ந்த பெண். அவள் தமிழில் ஊர் உருதுவும் கலந்து வரும்; 'ஏன்' என்பது 'கைக்கு' ஆகிவிடும்.

"கைக்கு அக்கா இவன் இப்படிப் பண்றான்? நான் என்ன குறை வெச்சேன்?" என்று கண்கலங்கினாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

பிறகு பெருமழை. சாலைகள் மூழ்கி, மீனாவால் சில நாள் வர முடியவில்லை. மாப்பிள்ளையை வேறு யாரும் தொடக்கூடாது என்பது பாஸின் உத்தரவு. அனிமல் ஹவுஸ் ஊழியர் தீனியும் தண்ணீரும் மட்டும் வைத்தார். மீனா திரும்பி வந்தபோது கூண்டு நாறியது. பெண் எலியிடம் இணைசேர்ந்த அடையாளம் இருந்தது. ஆண் எலிக்குத் தன் வாடை படிந்த இடம்தான் வீடு. அந்த வீட்டைத் தினமும் கழுவிவிட்டுத்தான் குடித்தனம் நடத்தச் சொல்லியிருக்கிறோம்.

குட்டிகள் பிறந்தன. நீல விளக்கடியில் வைத்துப் பார்த்தோம். ஒரே ஒரு குட்டி பச்சையாக மின்னியது. மீனா அழுதாள், நானும்தான்.

அன்றிலிருந்து புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது: பராமரிப்பது வேறு, பாசத்தால் படுத்துவது வேறு.

வைவாவில் சென்னையிலிருந்து வந்த தேர்வாளர், அவ்வளவு நாள் ஒதுங்கியிருந்த எலியை எப்படிச் சேரவைத்தீர்கள் என்று மீனாவிடம் கேட்டார்.

"நான் வீட்டுல இருந்தேன் சார்" என்றாள்.