பாதி விரிந்த படம்

யார் வீட்டுக்குப் போனாலும் மொரியோ முதலில் தூணைத்தான் தொடுவார். செருப்பைக் கழற்றி, குனிந்து வணங்கி, நலம் விசாரிக்கும்போதே அவர் விரல்கள் பக்கத்துத் தூணில் பழைய ஆணித் துளை தேடும். "என்னண்ணே, தூணுக்கும் முடி வெட்டணுமா?" என்று ஜப்பானின் கனசவா நகரில் அந்தத் தெருவே கேலி பேசும். மனைவி இகுயோ பின்னால் நின்று தரையைப் பார்த்துக்கொள்வாள்.

முடிதிருத்துவது அவர் தொழில். சேர்ப்பது, வீட்டுத் தூணில் ஆணியடித்துத் தொங்கவிடும் தூண் படங்கள். மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்தவை. சாணுக்கும் குறைந்த அகலம், கை நீளத்துக்கு உயரம். மற்றவர்கள் நிறம் மங்காததாகத் தேடுவார்கள். இவருக்கு அடுப்புப் புகை குடித்துப் பழுப்பேறியதுதான் வேண்டும். படத்தை முகர்ந்து பார்த்த பிறகுதான் கண்ணால் பார்ப்பார்.

அவருடைய அம்மாவின் சமையலறைத் தூணில் ஒன்று தொங்கியது. மாடியிலிருந்து ஒரு பெண் குனிந்து கீழே எதையோ பார்க்கிறாள். இரண்டு தாள்களை ஒட்டிய படம். அசானோ ஆறு வீட்டுக்குள் புகுந்த வருடம் கீழ்த்தாள் ஊறிக் கரைந்து போனது. மேல்தாள் மட்டும் மொரியோவிடம் இருக்கிறது. படத்துப் பெண் பார்த்தது நாயை என்கிறார் இவர். பூனையை என்கிறாள் அக்கா கினுகோ.

ஒசாகாவில் தனியாக இருக்கும் அக்கா ஞாயிறுதோறும் தொலைபேசியில் அழைப்பாள். எங்கே தொடங்கினாலும் பேச்சு நாயா பூனையா என்பதில் போய் நிற்கும்.

"என் கண்ணுக்கு நேரா இருந்துச்சுக்கா. எனக்குத் தெரியாதா?"

"மூக்கொழுகிட்டு நின்னவன்தானே நீ. உனக்கு நாய் என்ன, பூனை என்ன."

அப்புறம் அம்மா போட்ட முள்ளங்கி ஊறுகாய், அவள் பாடிக்கொண்டே அரிசி கழுவியது என்று பேச்சு நீளும். இகுயோ கெண்டியை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டுக் காத்திருப்பாள்.

போன குளிர்காலத்தில் பழம்பொருள் வியாபாரி கொபோரி ஒரு சுருளோடு வந்தார். அதே படம். இரண்டு தாளும் முழுசாக இருந்தன. மொரியோ வீட்டுச் சமையலறைத் தூணில் மாட்டி மெல்ல விரித்தார். கொண்டை வந்தது, கழுத்து வந்தது, தொங்கும் சட்டைக்கை வந்தது. இரண்டு தாள்களும் சேரும் கோடு தெரிந்ததும் மொரியோவின் கை சுருளைப் பிடித்துக்கொண்டது.

"போதும்."

"கீழதானேண்ணே விஷயமே இருக்கு."

"அக்கா வரட்டும்."

வாடிக்கையாளர் கழுத்தில் துணி கட்டும் நாடாவை எடுத்துவந்து சுருளின் மீதியைக் கட்டினார். பாதியைப் பார்க்காமலே வாங்கியும் விட்டார். கொபோரி இகுயோவைப் பார்த்தார். அவள் தேநீர் ஊற்றப் போய்விட்டாள்.

அந்த ஞாயிறு அக்காவிடம் விஷயத்தைச் சொன்னார். முட்டி வலிக்கிறது, கோடையில் ஓபோன் பண்டிகைக்கு வருகிறேன் என்றாள் அவள். அவர் பதில் சொல்வதற்குள், "வந்து பார்த்தாலும் பூனைதான்டா" என்றாள். மொரியோ சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ஓபோன் வந்தது, போனது. முன்னோருக்கு ஏற்றிய விளக்கையும் அணைத்தாகிவிட்டது. அக்கா அடுத்த வருடம் வருகிறாளாம்.

படம் இப்போதும் சமையலறைத் தூணில் பாதி விரிந்தபடி தொங்குகிறது. மொரியோ கடைக்குப் போனதும் இகுயோ தூசி தட்டுவாள். நாடா முடிச்சு வரை வந்ததும் துணியை எடுத்துவிட்டு, குனிந்து தூணின் அடியைத் துடைப்பாள்.