கரிமருந்துக்குத் திரும்பியவர்

வானவடியில் என் எதிர்வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி. நெடிய மனிதர், வெள்ளை மீசை. வானில் வீசும் களிமண் தட்டுகளைத் துப்பாக்கியால் சுடும் போட்டிகளுக்குப் போவார். சுட்டு முடித்த தோட்டாக் கூடுகளில், லைசென்ஸ் வாங்கி, வீட்டிலேயே மறுபடி வெடிமருந்து நிரப்புவார். அதற்கு உட்காருமுன் டெலிபோன் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிடுவார். "கவனம் போச்சுன்னா எல்லாம் கதம்" என்பார்.

புகை கக்காத புது மருந்தைத்தான் எப்போதும் மெச்சுவார். பழைய கரிமருந்து துப்பாக்கிக் குழாயெல்லாம் கரியை அப்பிவிடும் என்று திட்டுவார். ஒரு நாள் போனபோது அவர் மேசையில் அந்தக் கரிமருந்துதான் இருந்தது.

"என்ன சார், பழசுக்கே போயிட்டீங்க?"

எனக்குக் காபி கலந்து கொண்டுவந்து கொடுத்தபடி சொன்னார்: "புதுசு கொஞ்சம்தான் போடணும். மறந்துபோய் ரெண்டு தடவை போட்டாலும் கூட்டுக்குள்ள அடங்கிடும். சுடும்போதுதான் தெரியும், குழாயே வெடிச்சுடும். கரிமருந்து ஒரு தடவையிலேயே கூட்டை ரொப்பிடும். ரெண்டாவது தடவை போட்டா வழிஞ்சு காட்டிக்கொடுத்துடும்."

"நீங்க போய் மறப்பீங்களா சார்?"

"காபியைக் குடிங்க" என்றார்.

குடித்தேன். சர்க்கரையை இரண்டு தடவை போட்டதுபோல் பாகாக இனித்தது. தெரிந்தேதான் கொடுத்தாரா என்று இன்னமும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.